தரவுத்தள வழுவும் எச்சரிக்கையும்: உத்திரமேரூர்க் கல்வெட்டுப் பதிவுகளை முன்னிட்டு ஓர் ஆய்வு

கல்வெட்டுக்களைக் கணிப்பொறியில் அடைவுபடுத்தும் பணி இன்று தமிழ்த்துறைகள் பலவற்றில் நடைபெற்று வருகின்றது. அடைவு பெருகப் பெருக, அதனை நம்பி எழுதப்பெறும் கட்டுரைகளும் பெருகும்; அடைவு பிழைபடின் அக்கட்டுரைகளும் உடன் பிழைபடும். ஏடெழுதுவோரால் நேரும் பிழைகளைப் பற்றி நம் பதிப்பாசிரியர்கள் நிரம்ப எழுதியுள்ளனர். கணிப்பொறியால் நேரும் பிழையைப் பற்றித் தமிழாசிரியர் எழுதியது மிகச் சிறிதே. அதனை நிரல் எழுதுவோர் பார்த்துக்கொள்வர் என்று நாம் வாளா இருந்துவிடுகின்றோம். அங்ஙனம் இருத்தல் தகாது என்பதை எம் சொந்தத் தவறு ஒன்றனால் உணர்ந்தோம். அத்தவறு நேர்ந்த வகையையும், அதனைப் பி.எச்.பி. என்னும் இணைய நிரல்மொழியும் மை எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தளமும் அறிவிக்கும் முறையையும், அவ்வறிவிப்பு எம் செவிக்கு எட்டாது போன காரணத்தையும் விளக்குதலே ஈண்டு எம் நோக்கம்.

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே செல்வார்க்கு உத்திரமேரூர் தோன்றும். அவ்வூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. முன்னது அவனது 12-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919-இல், பொறிக்கப்பட்டது, பின்னது 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921-இல், பொறிக்கப்பட்டது. 1898-ஆம் ஆண்டுக் கல்வெட்டறிக்கையில் இவை முதலாவதும் இரண்டாவதுமாக எண் பெற்றன. குடவோலை முறையினால் வாரியப் பெருமக்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைக் கூறுவன இவை என்பதை மாணவரும் அறிவர். முன்னை விதியில் இருந்த குறைகளைப் பின்னை விதி திருத்தியது. உறுப்பினர் வயது முன்னதில் முப்பதுக்கு மேலும் அறுபதுக்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். பின்னதில் அது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்கு உட்பட்டும் என மாறிற்று. எனவே இவ்விரண்டனுள் ஒன்று விடுபடின் ஊராட்சி வரலாறே திரிந்துவிடும்.

இவற்றையும் இவற்றை ஒத்த பிற ஊராட்சிக் கல்வெட்டுக்களையும் மாணவர் துணையுடன் ஒரு தரவுத்தளத்தில் ஏற்றத் தொடங்கினோம். தரவுத்தளமாவது கட்டங்கள் வகுத்த பேரேடு போன்றது. ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. ஒவ்வொரு கட்டமும் ஒரு புலம். புலத்திற்கு இன்ன அளவு, இன்ன வகை என்று முன்னரே வரையறை செய்து வைத்தல் வேண்டும். பயில்வோர்க்கும் பேரேட்டுக்கும் இடைநின்று, வினவலைக் கொண்டுசென்று விடையைக் கொண்டுவருவது பி.எச்.பி. ரஸ்மஸ் லெர்டார்ப் என்பார் 1995-இல் வெளியிட்ட இம்மொழி, தம் வலைமனையைத் தாமே அமைத்துக்கொள்ள விரும்பிய எளியோர் கையில் வளர்ந்தது. வேலை நின்றுவிடாமல் எவ்வாறேனும் நடக்கவேண்டும் என்பதே அக்காலத்து அதன் போக்கு. அப்போக்கே அதன் பரவலுக்குக் காரணமாயிற்று. எம் இடருக்கும் காரணமாயிற்று எனலாம்.

எம் கைக்குக் கிடைத்தது பழைய வழங்கி ஒன்று. அதில் இருந்த தரவுத்தளமும் நிரல்மொழியும் பழைய பதிப்பின. ஊர்ப்பெயர்க்கு இருபது அளவுடைய புலம் போதும் என்று முடிவு செய்தோம். 'உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம்' என்னும் நெடும்பெயரை எழுத்தெண்ணிப் பார்த்தே அம்முடிவுக்கு வந்தோம்: பதினேழு எழுத்து, ஓர் இடைவெளி, ஆகப் பதினெட்டு. இரண்டு மிகுதியாகவே இருந்தது. பதிவும் நடந்தது. 'பதிவாயிற்று' என்னும் செய்தியும் திரையில் தோன்றியது. மாதங்கள் சென்றபின் ஒரு மாணவர் வந்து, ஊர்ப்பெயர் 'உத்தரமேருச் சதுர்வேத' என்றும் வழங்கிற்றா என வினவினார். யாமும் முதலில் அதனைப் பாடவேறுபாடு என்றே எண்ணினோம். சதுர்வேதம் பொருளுடைய சொல்லாதலின் ஐயுறத் தோன்றவில்லை. மூலத்தை ஒப்பிட்ட பின்னரே உண்மை புலப்பட்டது. எந்திரம் பெயரை நடுவே வெட்டியிருந்தது.

இலக்கணத்தில் உயிர்மெய் ஓரெழுத்து. கணிப்பொறியின் ஒருங்குறி முறையிலோ மெய்க்கு அடிப்படையாகும் வடிவம் ஒரு குறியெண்ணும், அதனைச் சாரும் உயிர்க்குறியோ புள்ளியோ மற்றொரு குறியெண்ணும் பெறும். 'வாலாஜாபாத்' என்னும் பெயர் நமக்கு ஐந்தெழுத்து; எந்திரத்திற்குப் பத்துக் குறியெண்; யூ.டி.எப்.-8 முறையில் சேமிக்குங்கால் முப்பது பைட்டு. மை எஸ்.கியூ.எல். புலத்தின் அளவைக் குறியெண்ணால் கணக்கிடுகின்றது. அக்கணக்கின்படி மேற்காட்டிய நெடும்பெயர் இடைவெளி உட்பட இருபத்தெட்டு. இருபதாவது குறியெண் 'சதுர்வேத' என்பதன் தகரத்தோடு முடிகின்றது. எஞ்சிய எட்டும் போயின. தொல்காப்பியர் எழுத்தெண்ணும் முறையை எந்திரத்தின்மேல் ஏற்றிக் கண்டது எம் பிழை. ஆயினும் எந்திரம் அதனை வாய்திறந்து சொல்லவில்லையே என்று அன்று நொந்துகொண்டோம். பின்னர்க் கற்றபோதுதான், அது சொல்லியிருந்தது என்றும் கேட்பார் இல்லை என்றும் அறிந்தோம்.

இவ்விடத்து வழு, எச்சரிக்கை என்னும் இரண்டன் வேறுபாட்டைத் தெளிதல் வேண்டும். வினவலை நிறைவேற்ற இயலாதபோது தரவுத்தளம் வழு எனக் கூறி நிறுத்திவிடும். கடவுச்சொல் தவறாயின் 1045 என்றும், தனிப்பெயராக இருக்கவேண்டியது இருமுறை வரின் 1062 என்றும் எண்ணோடு கூறும். வினவலை ஒருவாறு நிறைவேற்றி, ஆனால் கொடுத்ததைக் கொடுத்தவாறே ஏற்காமல் தானே திருத்திக்கொண்டபோது அது தருவது எச்சரிக்கை. எம் ஊர்ப்பெயர் வெட்டுண்டபோது 1265 என்னும் எண்ணுடைய எச்சரிக்கை பிறந்திருக்கும். வினவல் 'வெற்றி' என்றே நிரலுக்குத் திரும்பியது. நிரலும் 'பதிவாயிற்று' என்று எமக்குக் கூறியது.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இது புதிதன்று. வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்று வகுத்தது நம் மரபு. வழுவற்க என விலக்குதலும், வழுவாயினும் அமைக என ஏற்றலும் ஆகிய இருவகையால் உரையாசிரியர்கள் வழுக்காத்தலை விளக்குவர். பசுவை உவப்பினால் அம்மை எனக் கூறல் திணைவழுவாயினும் அமைக்கப்படும். எச்சரிக்கையோடு பதிவை ஏற்றுக்கொள்ளும் எந்திரமும் ஒருவகை வழுவமைதியே செய்கின்றது. ஆனால் ஒரு பெருவேறுபாடு உண்டு. நம் வழுவமைதியில் வழு என்பதைச் சொல்வோனும் அறிவான், கேட்போனும் அறிவான். அமைத்தற்குக் காரணமும் கூறப்படும். எந்திரத்தின் அமைதியிலோ எழுதினவனும் அறியான், பின்னாளில் படிப்பவனும் அறியான். சிதைந்த இடத்தில் புள்ளியிட்டுக் காட்டும் பதிப்பாசிரியனது நேர்மை அதற்கு இல்லை. வெட்டிய இடத்தை முழுமைபோல் காட்டிவிடுகின்றது.

ஊர்ப்பெயரோடு இவ்விடர் ஒழியவில்லை. ஐயம் எழுந்தபின் அட்டவணை முழுவதையும் மூலத்தோடு ஒப்பிட்டோம். அப்போது கண்டவற்றுள் மூன்றை மட்டும் ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, ஆண்டு. கி.பி. ஆண்டைக் குறிக்க ஆண்டிற்கெனவே உள்ள புலவகையை மாணவர் தேர்ந்திருந்தனர். பெயர் பொருத்தமாகத்தானே இருக்கின்றது! ஆனால் மை எஸ்.கியூ.எல்.லின் அவ்வகைப் புலம் 1901 முதல் 2155 வரையுள்ள ஆண்டுகளையே ஏற்கும். 919-ஐக் கொடுத்தால், கண்டிப்பில்லாத முறையில், 0000 என்று எழுதிவிட்டு எச்சரிக்கை மட்டும் தரும். சோழர், பல்லவர் ஆண்டுகள் யாவும் சுழியமாயின. இது கண்ணுக்குத் தெரிந்த பிழையாதலின் கேடு சிறிதே.

இரண்டாவது, பின்னக்குறி. வாரியத்திற்கு நிற்பவன் கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாதல் வேண்டும் என்பது விதி. ஒரு வேதமும் நான்கு பாடியங்களுள் ஒன்றும் வல்லவனாயின் அரைக்கால் வேலியும் போதும். கல்வெட்டில் சொல்லாக வந்த இப்பின்னங்களை, இடம் சுருங்கும் என்று கருதி, யாம் பழைய கணக்குக் குறிகளால் எழுதினோம். முந்திரி, காணி, மா முதலியவற்றுக்குரிய குறிகள் 2019-இல் வெளிவந்த ஒருங்குறி 12.0 பதிப்பில் தமிழ்ப் பின்னிணைப்பு என்னும் தனித்தொகுதியாக இடம்பெற்றன. தமிழெழுத்துக்கள் யூ.டி.எப்.-8 முறையில் மும்மூன்று பைட்டாக அமைய, இக்குறிகள் நான்கு நான்கு பைட்டு வேண்டுவன. மை எஸ்.கியூ.எல். தொடக்கத்தில் 'யூ.டி.எப்.8' என்று பெயரிட்டு வழங்கிய குறிமுறையோ மூன்று பைட்டுக்கு மேல் ஏலாதது. நான்கு பைட்டையும் ஏற்கும் 'யூ.டி.எப்.8 எம்.பி.4' என்பது 2010-இல் 5.5.3 பதிப்பில் சேர்ந்து, 2018-இல் வந்த 8.0-இல் இயல்பான குறிமுறையாயிற்று. பழைய குறிமுறையில் நான்கு பைட்டுக் குறி புகுந்தால், அக்குறி தொடங்கும் இடத்திலேயே தொடர் வெட்டுண்ணும். 1366 என்னும் எச்சரிக்கை எழும். எம் பதிவில் நிலத்தகுதி பின்னக்குறியோடு தொடங்கியது. எனவே புலமே வெறுமையாயிற்று. நிலத்தகுதி ஒன்றும் வேண்டாத ஊராக உத்திரமேரூர் எம் அட்டவணையில் நின்றது! சொத்துரிமையையும் ஊராட்சியையும் ஆராயும் ஒருவர் இவ்வெறுமையைச் சான்றாகக் கொண்டிருப்பின் என்னாகும் என்பதைக் கற்பார் எண்ணிக் காண்க.

மூன்றாவது எல்லாவற்றினும் கொடிது. பதிவு இருமுறை ஏறாதிருக்க, ஊரும் அரசனும் சேர்ந்த இணையைத் திறவுகோலாக வைத்தோம். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டை ஏற்றும்போது ஊரும் அரசனும் முன்னதன்போலவே இருந்தமையின் 1062 வழு எழுந்திருத்தல் வேண்டும். எழுந்தால் வேலை நின்றுவிடும் என்று அஞ்சி, சேர்க்கும் கட்டளையோடு 'இக்னோர்' என்னும் சொல்லை ஒருவர் இணைத்திருந்தார். அச்சொல் வழுவை எச்சரிக்கையாகத் தாழ்த்துவது. இரட்டித்த பதிவைச் சேர்க்காமலே விட்டுவிடுவது. திருத்திய விதி முழுதும் ஒழிந்தது. திருத்தப்பட்ட பழைய விதியே எஞ்சிற்று. வயது முப்பது முதல் அறுபது என்றே அடைவு கூறியது. இங்குக் குறை திறவுகோலைத் தவறாக வகுத்த எம்முடையது. வழு அதனைச் சுட்டிக்காட்ட வந்தது. யாம் அதன் வாயைப் பொத்தினோம்.

இனி, நிரல்மொழியின் பக்கம். பி.எச்.பி.யின் பழைய மை எஸ்.கியூ.எல். இணைப்பு, வினவல் தவறினால் 'பொய்' என்னும் விடையைத் திருப்பும்; வேறொன்றும் சொல்லாது. அவ்விடையைச் சோதிக்காத நிரல் மேலே சென்று, இல்லாத முடிவிலிருந்து வரிகளை எடுக்க முயலும். அப்போது தோன்றும் எச்சரிக்கை எடுக்கும் இடத்தைச் சுட்டுமேயன்றி, தவறிய வினவலைச் சுட்டாது. நோய் ஓரிடம், வலி ஓரிடம். இதற்கு அஞ்சியோர் ஒவ்வொரு வினவலின் பின்னும் 'அல்லது மடிக' என்னும் பொருள்பட ஒரு தொடரை எழுதினர். நிரல் உண்மையிலேயே அவ்விடத்து மடிந்து, தரவுத்தளத்தின் பிழைச்செய்தியைப் பயில்வோர் முகத்தில் எறிந்தது. வேறு சிலர் 'அட்' எனப்படும் குறியைக் கட்டளையின் முன் இட்டு எச்சரிக்கையே தோன்றாமல் அடக்கினர். எம் நிரலில் அக்குறி பலவிடத்தும் இருந்தது. திரை தூய்மையாகத் தோன்றியதன் மருமம் அதுவே.

அவ்விணைப்பு 2015-இல் வெளிவந்த பி.எச்.பி. 7.0-இல் நீக்கப்பட்டது. அதனிடத்தில் மை எஸ்.கியூ.எல்.ஐ., பி.டி.ஓ. என்னும் இரண்டு இணைப்புக்கள் வழங்குகின்றன. இவை வழுவை 'விதிவிலக்கு' என்னும் வடிவில் எறியவல்லவை. எறியப்பட்ட விதிவிலக்கை யாரேனும் பிடித்தல் வேண்டும்; பிடிக்காவிடின் நிரல் நிற்கும். பி.டி.ஓ.வில் இம்முறை 2020-இல் வந்த 8.0 முதலும், மை எஸ்.கியூ.எல்.ஐ.யில் 2021-இல் வந்த 8.1 முதலும் இயல்பாக அமைந்தது. தரவுத்தளத்தின் பக்கமும், 2015-இல் வந்த மை எஸ்.கியூ.எல். 5.7 முதல் கண்டிப்பு முறை இயல்பாயிற்று. அம்முறையில் நீண்ட பெயர் வெட்டப்படுவதில்லை. 1406 என்னும் வழுவோடு மறுக்கப்படுகின்றது.

புதிய வழங்கிக்கு மாறிய நாளன்று எம் மாணவர் மனம் சோர்ந்தனர். பழைய எந்திரத்தில் தடையின்றி ஏறிய பதிவுகள் புதியதில் ஒன்றன்பின் ஒன்றாக மறுக்கப்பட்டன. கண்டிப்பு முறையை அணைத்துவிட்டால் எல்லாம் முன்போல் நடக்கும் என்று ஒருவர் வழி கண்டு வந்தார். அவ்வழி உண்மையே, அமைப்பில் ஒரு வரியை வெறுமையாக்கினால் போதும். ஆனால் யாம் இசையவில்லை. மறுக்கப்பட்ட ஒவ்வொரு பதிவும் பழைய எந்திரத்தில் பொய்யாகப் பதிந்த ஒன்று என்பதை அவர்க்கு ஊர்ப்பெயரைக் காட்டியே விளக்கினோம். புலத்தின் அளவைப் பெருக்கினோம். ஆண்டை எண்வகைப் புலமாக மாற்றினோம். குறிமுறையை நான்கு பைட்டுக்கு உயர்த்தி, இணைப்பு தொடங்கும் இடத்திலும் அக்குறிமுறையையே கூறினோம். திறவுகோலில் ஆட்சியாண்டையும் சேர்த்தோம். 'இக்னோர்' என்னும் சொல்லை நீக்கினோம். இவற்றுள் இணைப்பிற் குறிமுறை கூறுதலைப் பலர் மறப்பர். அட்டவணை ஒரு முறையும் இணைப்பு ஒரு முறையும் கொண்டால் எழுத்துச் சிதைவு எச்சரிக்கையே இன்றி நிகழ்தலும் உண்டு.

விதிவிலக்கு முறை வந்ததனால் எல்லாம் தீர்ந்தது என்று கருதுதலும் பிழை. எறியப்படுவன வழுக்களே, தரவுத்தளத்தின் எச்சரிக்கைகள் எறியப்படுவதில்லை. அவற்றை நாமே சென்று கேட்டல் வேண்டும். ஒவ்வொரு சேர்க்கைக்குப் பின்னும் எச்சரிக்கை எண்ணிக்கையைப் பார்த்து, சுழியம் அன்றாயின் 'ஷோ வார்னிங்ஸ்' என்னும் கட்டளையால் அவற்றைப் பெறலாம். இதனை உடனே செய்தல் இன்றியமையாதது. அட்டவணையைத் தொடும் அடுத்த வினவல் ஓடியவுடன் முன்னதன் எச்சரிக்கைகள் மறைந்துபோம். அன்றியும் அவற்றை ஓரளவுக்கு மேல் எந்திரம் நினைவில் வைப்பதில்லை, 5.7 வரை இயல்பாக 64, 8.0-இல் 1024. ஆயிரக்கணக்கான பதிவை ஒரே கட்டளையில் ஏற்றுவோர் இதனைக் கருத்திற் கொள்க.

பலவரிகளை ஒருங்கே ஏற்றும்போது, எல்லாம் ஏறினாலன்றி ஒன்றும் ஏறாதவாறு ஒரு தொகுதியாகக் கட்டுதலும் நன்று. கல்வெட்டின் தலைப்பு ஓர் அட்டவணையிலும் அதன் விதிகள் மற்றோர் அட்டவணையிலும் செல்வனவாயின், இடையில் வழு நேர்ந்தால் முழுவதையும் மீட்டுக்கொள்ள அதுவே துணை. 'இன்னோ டி.பி.' என்னும் சேமிப்பு முறை இதற்கு இடந்தரும். பழைய 'மை ஐசாம்' முறை தாராது.

பிடித்த விதிவிலக்கை என் செய்வது? அதனைப் பிடித்துவிட்டு ஒன்றும் செய்யாது கீழே போடும் நிரல்கள் இன்று மிகுதி. அவை பழைய 'அட்' குறியின் மறுபிறப்பே. யாம் கைக்கொண்ட முறை இது: பயில்வோர்க்கு எளிய தமிழில், இப்பதிவு ஏறவில்லை, இன்ன புலத்தை நோக்குக என்று கூறுதல், வழுவின் எண், நேரம், வினவல் ஆகியவற்றைப் பிறர் காணாத பிழையேட்டில் எழுதுதல். தரவுத்தளம் தரும் செய்தியை அப்படியே திரையில் இடுதல் ஆகாது. அட்டவணைப் பெயரும் கோப்பின் இடமும் அதில் வெளிப்படும். பிடிக்கப்படாத விதிவிலக்கின் அடிச்சுவட்டில் கடவுச்சொல்லே வெளிப்பட்ட காலமும் உண்டு. அதனை மறைத்தற்குரிய குறியீடு 2022-இல் வந்த பி.எச்.பி. 8.2-இல்தான் சேர்ந்தது. ஆகவே பொதுமக்கள் காணும் வழங்கியில் பிழைகாட்டலை அணைத்து, பிழையேட்டை மட்டும் திறந்துவைத்தல் வேண்டும். அப்பிழையேட்டைப் படிக்க ஓர் ஆளையும் அமர்த்துதல் வேண்டும். எம் பழைய வழங்கியிலும் ஏடு ஒன்று இருந்தது. திறந்து பார்த்தவர் எவரும் இலர்.

921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும் முறை ஈண்டு நினைவிற்கு வருகின்றது. ஒன்றும் அறியாச் சிறுவன் குடத்திலிருந்து ஓலையை எடுப்பான். நடுவன் அதனை ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிப்பான். அங்கிருக்கும் நம்பிமார் எல்லாரும் அதனை வாசிப்பர். அதன் பின்னரே பெயர் எழுதப்படும். வாசித்தல் முன், எழுதுதல் பின். கையை மூடி ஏற்றால் ஓலை மாறலாம் என்னும் எச்சரிக்கை அதில் உண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தாரும் அவர்தம் உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்று விலக்கியதும் அக்கல்வெட்டே. நிரலிலும் இவ்வொழுங்கையே கொள்ள முயன்றோம். பதிவு ஏறியவுடன் அதனைத் தரவுத்தளத்திலிருந்தே மீண்டும் எடுத்து, கொடுத்ததனோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வேறுபடின் தொகுதியை மீட்டுக்கொள்ளுமாறு அமைத்தோம். இதனால் வேகம் சிறிது குறைகின்றது. கல்வெட்டு அடைவுக்கு வேகம் வேண்டற்பாலது அன்று.

பழைய அட்டவணையில் வெட்டுண்டவற்றை அச்சிட்ட தொகுதிகளைக் கொண்டு நிரப்பி வருகின்றோம். நிரப்பிய பதிவு ஒவ்வொன்றிலும் 'ஐயம்' என்று ஒரு புலம் சேர்த்து, முன்பு என்ன இருந்தது, எந்த நாளில் எதனைக் கொண்டு திருத்தினோம் என்பதை எழுதுகின்றோம். அச்சில் உள்ள பாடத்திலேயே ஐயம் தோன்றும் இடங்கள் சில உள. அவற்றின் எதிரே அப்புலம் இன்னும் திருத்தநாள் இன்றியே நிற்கின்றது. அவற்றுள் இரண்டு உத்திரமேரூர்ச் சுவரில் நேரில் வைத்துப் பார்க்கவேண்டியன. மாணவர் தேர்வு முடிந்தபின் பாலாற்றைக் கடந்து சென்று அவற்றைப் படித்துவர எண்ணியுள்ளோம்.